கால் கிலோ பால்கோவா

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தேன். மிஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய குரல். வீட்டிலும் அதே குரல்தான். பிளஸ் ஒன் படித்த மகள் செல்வி இரண்டு மாதமாக என்னோடு பேசவில்லை. அவளுடைய டீச்சர் சொன்னதால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாதென்று பால்கோவாவும் வாங்கிக்கொண்டேன்.

"என்னம்மா, எது உனக்குக் கஷ்டமா இருக்கு?" என்று அந்த அம்மா செல்வியிடம் கேட்டார்.

"அம்புட்டும் பிடிவாதம்ங்க" என்றேன் நான்.

"ஸ்கூல் பிடிச்சிருக்கா?"

"நல்லாப் பிடிச்சிருக்கு" என்றேன், அதற்கும் நானே.

அவர் சிரித்தபடி பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "அண்ணாச்சி, அவகிட்ட நான் கேக்கிறப்ப உங்களுக்குப் பதில் வந்துச்சுன்னா, ஒரு வாய் போட்டுக்கோங்க."

கால் கிலோவும் தீர்ந்தது. கடைசி வாய் கரைவதற்குள் செல்வி வாயைத் திறந்தாள்.

"கணக்கு குரூப்பு எனக்கு வரவே மாட்டேங்குதுப்பா. சொன்னா சத்தம் போடுவீங்கன்னு பயந்துட்டேன்."

வாய் நிறைய இனிப்பு. தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சிரித்தாள். "எனக்கு ஒரு வாய்கூட வைக்கலியேப்பா!"

பதினாறு வருஷமாக அவளுக்கு ஒரு வார்த்தையைக்கூட மிச்சம் வைக்காதவன், பால்கோவாவையா வைக்கப்போகிறேன்!