மரத்தூள் அடுப்பும் ஐந்து மணிப் பாட்டும்

காய்ந்த மரத்தூளின் வாசம் மூக்கில் ஏறினால் போதும், எனக்கு இன்றைக்கும் கோயில் பாட்டுத்தான் ஞாபகம் வரும்...

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் மாதா கோயிலுக்கு எதிர் ஒழுங்கையில் எங்கள் வீடு. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. மாரியில் விறகும் நனைந்துவிடும். அம்மா குசினியில் ஊதி ஊதியே கண் சிவந்து நிற்பார்.

துறைமுகத்தில் வேலை செய்த அப்பா ஒருநாள் வெறும் பெயிண்ட் டின் ஒன்றையும், கப்பல்துறைப் பக்கம் மரம் அரியும் மரக்காலையில் சும்மா கிடைத்த ஒரு சாக்கு மரத்தூளையும் கொண்டுவந்து இறக்கினார். இனி இதுதான் அடுப்பு, எவ்வளவு மிச்சம் தெரியுமா என்று பெரிய பிரசங்கமே வைத்தார்.

அம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

"குப்பையை எரிச்சுச் சமைக்க என்னால ஏலாது."

டின் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் கிடந்தது.

பிறகு மாதா கோயில் திருநாள் வந்தது. அம்மா கோயில் பாடகர் குழுவில் இருந்தார்; தனியாகப் பாடும் பகுதியை அவரிடம் கொடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை! ஆனால் பாட்டுப் பழக்கம் தினமும் ஐந்து மணிக்கு. அதுதான் உலை வைக்கிற நேரம். ஈர விறகை விட்டு எப்படி எழும்புவது? வேறு யாரையாவது பாடச் சொல்லுங்கள் என்று அம்மா சொல்லியனுப்பப் போனார்.

அப்பா மெதுவாகச் சொன்னார். "அந்தத் தூளடுப்பை ஒருக்கா மூட்டினா ரெண்டு மணித்தியாலம் ஊதத் தேவையில்லை. நீர் பாட்டுக்குப் போகலாம்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே."

டின்னுக்கு நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி, போத்தலைத் திருகி மெல்ல உருவ வேண்டும்; அந்தக் குழிக்குள்தான் நெருப்பு மூட்டுவது. அப்பா உருவியதும் எல்லாம் பொலபொலவென்று சரிந்தது. அம்மா அவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுத் தானே இடித்தார், பாட்டின் தாளத்துக்கு! சரியவில்லை. சட்டியை ஏற்றி, சேலை மாற்றி, ஆள் போயாச்சு.

நான் அடுப்புக்குக் காவல். ஜன்னலால் அம்மாவின் குரல் வந்தது... அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு!

திருநாள் முடிய, ஐந்து மணிக்கு எப்படி வெளிக்கிட்டீர்கள் என்று பெண்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் ஒழுங்கை முழுக்க மரத்தூள் சாக்கு.

இப்போது எங்கள் கூரையில் சோலார். மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள் என்று மகள் குசினிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். நல்ல பிள்ளை, அப்படியே தாத்தாவின் பிரசங்கம்.

நேற்று அதற்குக் கீழே நானும் எழுதிவைத்தேன்:

"பிள்ளை, உன்ர அம்மா அஞ்சு மணிக்கு வீட்டில இல்லை. கோயில் பாட்டுக்குப் பெயர் குடுத்திட்டன். லைட் எல்லாம் நூத்திட்டுத்தான் போறன்."