இன்னொருதரம்

எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் அவனுக்கு ‘இன்னொருதரம்’ என்று பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். வேறு யாராவது வைத்திருந்தால் பழியை அவர்கள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

பதினோரு வருஷம் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மருந்து கொடுத்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், அக்கா என்பான். சீட்டைப் படிப்பான், மாத்திரையை எடுப்பான், மறுபடி சீட்டைப் படிப்பான். எதிரே நிற்பவரிடம், “பேரு, வயசு இன்னொரு தரம் சொல்லுங்க” என்பான். வரிசை முணுமுணுக்கும். அவன் அசையவே மாட்டான். “கல்யாணத்துக்குச் சம்மதமான்னு என்னையே ரெண்டு தரம் கேட்ட மனுஷன்” என்று அவன் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பதினோரு வருஷத்தில் அவன் கையால் ஒரு மாத்திரை மாறிப் போனதில்லை. நான் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, சீட்டு போயிற்று. திரையில் பெயரைத் தேட வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிஷம்தான். யார் எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று தினமும் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அவன் எப்போதும் கடைசி.

“நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதுக்கா. சோறு இறங்க மாட்டேங்குது” என்றான் ஒரு நாள், பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடியபடி.

“ஆமா, உனக்கு மட்டும்தான் நெஞ்சு இருக்கு. எங்களுக்கெல்லாம் கல்லு” என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். எதற்குப் பிறகு எதை அழுத்த வேண்டும் என்று என் மகள் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். மேஜை டிராயரில், கைக்குட்டைக்கு அடியில் அதை ஒளித்து வைத்திருந்தேன். யாரும் பார்க்காதபோது எட்டிப் பார்த்துக்கொள்வேன். அவனுக்குக் காட்டவில்லை. காட்டினால் இவளுக்கும் தெரியாது என்று ஆகிவிடுமே! என் வீம்பு அப்படி.

ஒரு திங்கட்கிழமை வரிசை வாசல்வரை நின்றது. அவன் திரை நகரவில்லை. என் பக்கம் குனிந்தான்.

“அக்கா, முதல் பக்கத்துக்கு எப்படிப் போறதுன்னு இன்னொரு தரம் சொல்லுங்களேன்.”

“எத்தனை தரம்டா சொல்றது? மண்டையில மூளை இருக்கா, களிமண்ணு இருக்கா?”

வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதன்பிறகு அவன் யாரிடமும் எதையும் இன்னொரு தரம் கேட்கவில்லை. பெயரைக்கூட. பட்டியலில் மளமளவென்று மேலே ஏறினான். “பாத்தீங்களா, நாலு வார்த்தை திட்டினாத்தான் வேலை நடக்குது” என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் ஒரு பெண்மணி மாத்திரை அட்டையோடு திரும்பி வந்தார்.

“இது என்னோடது இல்லப்பா. என் மாத்திரை மஞ்சளா இருக்கும்.”

ஒரே பெயரில் இரண்டு பேர். வயதைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நல்லவேளை, அவர் விழுங்கவில்லை. அவனை யாரும் போகச் சொல்லவில்லை. மறுநாள் அவனே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். டிராயரைக் காலி செய்தபோது அந்தத் தாள் அகப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு, அவன் இப்போது வேலை பார்க்கும் சலவைக் கடைக்குப் போனேன். பின்னால் ஆறு மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவன் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது.

“வாங்கக்கா, உக்காருங்க” என்றான், ஒன்றுமே நடக்காதது போல.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். “எனக்கும் ஒண்ணும் தெரியாதுடா தம்பி. எழுதி வச்ச தாளைப் பாத்துத்தான் செஞ்சேன். உன்கிட்ட மறைச்சுட்டேன். மன்னிச்சுடு.”

அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் என் வாயையே பார்த்தான். புருவம் லேசாகச் சுருங்கியது. இதோ கேட்கப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. புரிந்தவன் போலத் தலையாட்டிச் சிரித்தான், அன்றைக்கு வரிசைக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு.

“சரிக்கா. எத்தனை துணி?”

இன்னொரு தரம் சொல்லியிருக்க வேண்டும். கைக்குள் கசங்கிய தாளோடு, “அப்புறம் கொண்டாறேன்பா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.