முதலில் கிள்ளப்பட்டவன்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகளிடமிருந்து ஒளித்து வைக்கப்பட்ட யூதக் குழந்தைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அப்படித் தப்பிய ஒருவர் பேசி நேரில் கேட்டதில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் ரூத் என்ற மூதாட்டி மாதம் ஒருமுறை பேசுகிறார் என்று அறிந்து, சென்ற பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். பக்கத்து வீட்டுப் பவானியும் வந்தார். இறுதிப் போரின்போது வன்னியில் பதுங்குகுழிக்குள் கைக்குழந்தையோடு இருந்தவர் அவர்.

செவன் கிங்ஸில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் நொர்தேர்ன் லைனுக்கு மாறினோம். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை; அறுபது கடந்தவர்களுக்கான என் இலவச பாஸ் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும்.

"எட்டரைக்கே வந்து நிக்கிறியள் ரீச்சர், பள்ளிக்கூட மணி அடிச்சிட்டுதோ?" என்றார் பவானி.

ரூத் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார். போரின்போது அவருக்கு ஐந்து வயது, தம்பி டேவிட்டுக்கு மூன்று. ஒல்லாந்துக் கிராமத்துப் பெண் ஒருத்தியால் ஒரு பிள்ளையைத்தான் பரணில் ஒளித்து வைக்க முடியும். கீழே சத்தம் கேட்டால் எல்லோருக்கும் சாவு. எந்தப் பிள்ளை அழாது என்று அறிய, தாயின் முன்னாலேயே இருவரையும் கிள்ளிப் பார்த்தாள்.

"முதலில் தம்பியை. அவன் அழுதான். அதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. என் முறை வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டேன்."

தாயும் தம்பியும் நாஜி வதைமுகாமிலிருந்து திரும்பவில்லை.

வகுப்பில் முதல் பிள்ளை கரும்பலகையில் பிழை விடும். அதைப் பார்த்து அடுத்த பிள்ளை சரியாக எழுதும். பாராட்டு முழுவதும் அடுத்த பிள்ளைக்குத்தான் போகும். எனக்கு அதுதான் நினைவு வந்தது.

"எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தை!" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

ரூத்தின் முகம் இறுகியது. "என்னை முதலில் கிள்ளியிருந்தால் இன்று அவன் இங்கே பேசிக்கொண்டிருப்பான். அந்தப் பெண்ணும் எனக்காக உயிரைப் பணயம் வைத்தவள். கோபப்படக்கூட எனக்கு ஆளில்லை."

அப்போது பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. வெளியே கொண்டுபோகும்படி அமைப்பாளர் தாய்க்குச் சைகை காட்டினார். ரூத் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"உட்காருங்கள். அழட்டும்."

அது அழுது முடிக்கும்வரை மண்டபம் காத்திருந்தது.

"நான் என்ர பிள்ளையின்ர வாயைப் பொத்தித்தான் வைச்சிருந்தனான் ரீச்சர்," என்று பவானி காதோடு சொன்னார். "இப்ப அவனுக்குப் பதினேழு. என்னோட கதைக்கிறதே இல்லை."

போக விரும்புகிறவர்களுக்கு: அனுமதி இலவசம், இடத்தை முன்பே பதிவு செய்யுங்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கைக்குழந்தையோடும் போகலாம். கேள்வி நேரத்தில் தயவுசெய்து ரூத்தைப் பாராட்டாதீர்கள். தம்பியைப் பற்றிக் கேளுங்கள். அவன் எவ்வளவு உரக்க அழுவான் என்று சொல்வார்.