கப்பல் மூழ்கிய முகூர்த்தங்கள்

ஒரே நாளில் உலகத்தில் எவ்வளவு நடந்துவிட முடியும்? எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைக் கேட்டால், ஒரு கப்பல் மூழ்கும், ஒரு ராஜாவின் தலை போகும், ஏதோ ஒரு தேசத்தில் பூமி நடுங்கும். இத்தனையும் ஆனபிறகு எங்கள் வீட்டு ஆடுகள் ஒன்றுமே நடக்காததுபோல் சாயங்காலம் வீடு வந்து சேரும். எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

நரிக்குடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார். வெளியூர்க்காரர். எந்தத் தேதியில் உலகத்தில் என்ன நடந்தது என்று சொல்கிற தடித்த புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. தினமும் காலையில் அன்றைய தேதியைப் போட்டு, முற்காலத்தில் அதே தேதியில் நடந்த பெரிய சங்கதிகளைப் பலகையில் எழுதிவிடுவார். பிள்ளைகளுக்கு அறிவு வளரட்டும் என்று எழுதினார். எனக்கு வளர்ந்தது குழப்பம்தான். பக்கத்தில் வருஷம் போட்டிருப்பார். அது செத்தவர்களின் தொகை என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அன்றைக்கே நடப்பதாகவும் நினைத்தேன். கண்மாய்க்கரையில் ஏறி நின்று கப்பல் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்திருக்கிறேன். கண்மாயில் அப்போது சீமைக்கருவேலம்தான் நின்றது.

நான்தான் சின்னப்பிள்ளை. ஊர்ப் பெரியவர்களுக்கு என்ன வந்தது என்கிறீர்கள்? பலகையில் பூகம்பம் எழுதியிருந்த ஒருநாள், தெற்குத்தெருவில் ஒருவருடைய ஆட்டுக்கொட்டத்துச் சுவர் சரிந்து விழுந்தது. அது கறையான் அரித்த சுவர். ஆனால் கறையானை யார் மதிக்கிறார்கள்? அன்றிலிருந்து ராகுகாலம், எமகண்டத்தோடு வாத்தியார் பலகையும் சேர்ந்துகொண்டது. ஆடு பிடிக்கப் போகிறவர், மிளகாய் லோடு ஏற்றுகிறவர் எல்லோரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். மனிதன் நிலாவில் கால் வைத்ததைப் பற்றி எழுதியிருந்த நாளில் ஒருவர் கிணறு தோண்ட ஆள் கூட்டியிருந்தார். "மனுசன் மேல போன நாள்ல நாம கீழ தோண்டுறதாவது" என்று வேலையை நிறுத்திவிட்டார். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த வருஷம்தான் அக்கா திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் பெரிய பரீட்சை பாஸ் செய்திருந்தாள். அருப்புக்கோட்டையில் வாத்தியார் வேலைக்குப் படிக்க இடமும் கிடைத்திருந்தது. ஆடி மாதம் போய்ச் சேர வேண்டும். அம்மாவோ வேறு கணக்குப் போட்டிருந்தாள். பாளையம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்த தன் தம்பிக்கு அக்காவைக் கொடுப்பது என்று அக்கா பிறந்த அன்றைக்கே பேசி வைத்தாயிற்று. ஆனி மாதத்துக்குள் கல்யாணம். ஆடியில் யாரும் தாலி கட்டுவதில்லை. அதனால் ஆனியைத் தாண்டிவிட்டால் அப்பா கொடுத்திருந்த வாக்குப்படி அக்காவுக்குப் படிப்பு, தாண்டாவிட்டால் அடுப்பு. அக்கா சோறு தின்னாமல் அழுதாள். "அழுதாத்தான் கல்யாணப் பொண்ணு" என்றாள் அம்மா, சந்தோஷமாக.

ஜோசியர் முதல் முகூர்த்தம் குறித்துக் கொடுத்தார். அப்பா பயந்த சுபாவம். கையோடு வாத்தியாரிடம் போய், அந்தத் தேதிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். வாத்தியார் புத்தகத்தைப் புரட்டி, பெரிய கப்பல் ஒன்று ஆட்களோடு மூழ்கியிருப்பதாகச் சொன்னார்.

"கப்பல் முங்குனா முங்கட்டும். எந்தம்பி சைக்கிள்லதான வாரான்?" என்றாள் அம்மா.

அப்பா கேட்கவில்லை. தேதி தள்ளிப்போனது. பக்கத்து வீட்டு அத்தை மட்டும், "கப்பலு முங்குற அளவுக்குத் தண்ணி எங்கிட்டு இருக்குன்னு வாத்தியாருகிட்டக் கேளுங்க. கொஞ்சத்த நம்ம கம்மாய்க்குத் திருப்பிவிடச் சொல்லுவோம்" என்றாள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஓர் ஊரே தீப்பற்றி எரிந்திருந்தது. அதுவும் போயிற்று. மாமா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்போல் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். "எந்தலையெழுத்து யக்கா" என்றார். அம்மா தம்பிக்காக மூக்கைச் சிந்தினாள். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு குதிரைவாலி புடைத்தாள். புடைக்கிற சத்தம் மட்டும் குஷியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் சிலேட்டை மறந்து வைத்துவிட்டு வந்த நான், அதை எடுக்கப் போனேன். வேப்பமரத்து நிழலில் வாத்தியாருடைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மாமா சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் மடியில் அந்தப் புத்தகம்.

"அடுத்த தேதிக்கு என்ன சார் இருக்கு?"

"நல்லதாத்தான்யா இருக்கு. ஒரு தேசத்துக்கு விடுதலை கிடைச்சிருக்கு."

"அத விடுங்க. பெருசா எதுவும் முங்கலையா?"

வாத்தியார் புத்தகத்தை மூடினார். "ஏன்யா, பொண்ணைப் பிடிக்கலைன்னா உங்க அக்காகிட்டச் சொல்லிட்டுப் போக வேண்டியதானே?"

மாமா சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிடிக்காம என்ன சார். அவ படிக்கணுங்கிறா. நான் வேண்டாம்னா எங்கக்கா என்னயத் தலைமுழுகிரும். அவ வேண்டாம்னா அவளுக்குத்தான் அடி விழும். கப்பலு வேண்டாம்னு சொன்னா யாரு என்ன செய்ய முடியும்?"

எனக்கு இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு. கப்பல் எப்படிக் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லும்? மாமாவுக்குத்தானே கல்யாணம்? அவரே கப்பலைத் தேடினால் எப்படி? வீட்டுக்கு வந்து அக்காவின் காதில் அப்படியே ஒப்பித்தேன். அக்கா என் வாயைப் பொத்தினாள். பிறகு ஒரு பெரிய வெல்லக்கட்டியை வாயில் திணித்தாள். அதற்குப்பிறகு எனக்கு உலக விவகாரத்தில் அக்கறை போய்விட்டது.

ஆனியின் கடைசி முகூர்த்தமும் வந்தது. அம்மா இந்தத் தடவை அப்பாவை நம்பவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பின்னாலேயே அப்பா, அவருக்குப் பின்னால் பாதி ஊர்.

"வாத்தியாரே, இந்தத் தேதிக்கு என்ன?"

"ஒரு யுத்தத்துல ஏகப்பட்ட சனம் செத்திருக்கும்மா" என்றார். விடுதலை கிடைத்த தேசத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

"சரி, கெட்டது ஒண்ணுமே நடக்காத ஒரு நாளச் சொல்லும். அன்னைக்கு வச்சுக்கிருவோம்."

வாத்தியார் முதன்முறையாக விழித்தார். புத்தகத்தைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "அப்படி ஒரு நாளு இதுல இல்லம்மா" என்றார் மெதுவாக. இந்தத் தடவை அவர் நிஜத்தைத்தான் சொல்கிறார் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்தது.

"அப்ப நாங்கள்லாம் எப்பிடிக் கல்யாணம் முடிச்சோம்?"

"தெரியாம முடிச்சிட்டீங்க."

ஊர் கொல்லென்று சிரித்தது. அம்மாவின் முகம் சிவந்ததைப் பார்த்த அப்பா, பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "எங்க கல்யாணத் தேதிக்கு என்ன சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டார். வாத்தியார் பக்கத்தைத் தேடிப் பிடித்தார்.

"பெரிய யுத்தம் ஒண்ணு ஆரம்பமாகியிருக்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு ஊரைப் பார்த்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

அன்றைக்கு இரண்டு காரியம் முடிவானது. புத்தகம் பொய் சொல்லாது என்பது ஒன்று. ஆனியில் கல்யாணம் இல்லை என்பது இன்னொன்று. அம்மா எங்கள் யாருக்கும் ஒரு வாரம் ஒழுங்காகக் குழம்பு வைக்கவில்லை. ஆனாலும் தம்பிமேல் அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "பாவம், எப்பிடி ஒடைஞ்சு போயிட்டான் பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஆடி பிறந்ததும் அக்காவை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல். மாமாவே வந்து தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டேன். படிக்கிற பிள்ளைகள் தங்குகிற கட்டடத்தின் வாசலில், "ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது" என்று ஓர் அம்மா மறித்துவிட்டார். மாமா பெட்டியைக் கீழே வைத்தார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்து, "வாரேன் மாமா" என்றாள்.

"வாரேன்னு சொல்லாத புள்ள. போறேன்னு சொல்லிட்டுப் போ" என்று மாமா சிரித்தார்.

போகும்போது அப்படிச் சொல்லக்கூடாது என்று எனக்கே தெரியும். இவ்வளவு பெரிய மனுசருக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தினார்கள். அதற்குப்பிறகும் மாமா அங்கேயே நின்றார். நான் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நடந்தார்.

பஸ்ஸ்டாண்டில் சுடச்சுடச் சேவு வாங்கி, ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டச் சொன்னார். பஸ் வரும்வரை கல்லில் உட்கார்ந்து என் பொட்டலத்தைக் காலி செய்தேன். மாமாவின் பொட்டலம் பிரிக்காமலேயே மடியில் இருந்தது. நினைத்த காரியத்தை நினைத்தபடி முடித்த மனுசர், தின்றால் என்ன?

"மாமா, ஒங்களுக்கு வேண்டாமா?"

"நீ தின்னு."

அதையும் தின்றேன். மாமாவுக்குச் சேவு பிடிக்காது என்றுதான் அதன்பிறகு வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.