வாளி மேலே போய்க்கொண்டே இருந்தது

மெதுவண்ணன் எனக்குத் தர வேண்டியது பதினேழு கிராம் இருநூறு மில்லி தங்கம். தராசில் நிறுத்த கணக்கு. அதில் ஒரு குண்டுமணி கூட்டிச் சொல்லவில்லை. இனிமேல் சொல்லப்போவதிலும் கூட்டிச் சொல்ல மாட்டேன். நடந்தது நடந்தபடி. கையில் கடிகாரம் இருந்தது. மணி பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்... பார்க்க வேறு எதுவும் இல்லாத இடம் அது.

ஓடைத் தங்கம் பற்றித் தெரியாதவர்களுக்கு நாலு வார்த்தை. மலைப்பாறை உடைந்து தண்ணீரோடு உருண்டு வரும்போது தங்கமும் கூடவே வரும். கனமான பொருள் அல்லவா, மணல் மாதிரி அடித்துக்கொண்டு போகாது. சரளைக்குள் புகுந்து புகுந்து அடிப்பாறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நூறு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள் மேல்மணலைத் தட்டில் அலசி எடுத்துப் போனார்கள். அப்புறம் ஒரு கம்பெனி குழாயில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கரையையே கரைத்தது. அதற்கும் அப்புறம் ஒரு மிதவை இயந்திரம் ஓடை முழுக்க வாரித் தின்று, கூழாங்கற்களை வரிசை வரிசையாகக் கக்கிவிட்டுப் போனது. எங்களுக்கு மிச்சம் வைத்தது ஒன்றே ஒன்று. அந்த ஓடை ஒரு காலத்தில் வேறு பக்கம் ஓடியிருக்கிறது. மண் சரிந்து மூடியதும் விலகி வந்துவிட்டது. பழைய தடம் மேட்டுக்கு அடியில் அப்படியே கிடந்தது. யார் கண்ணிலும் படாத ஓடை.

அதைத் தேடித்தான் நாற்பத்திரண்டு அடிக் குழி தோண்டினோம். நானும் மெதுவண்ணனும். நான் கீழே வெட்டுவேன். அவர் மேலே நின்று உருளைக் கட்டையைச் சுற்றி வாளியை இழுப்பார். ஏணி கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் அதே வாளியில்தான். கயிற்றை ஒரு தரம் இழுத்தால் "தூக்கு". இரண்டு தரம் "நிறுத்து". மூன்று தரம் "நான் வருகிறேன்".

எதையும் அவசரமில்லாமல் செய்கிறவர், அதனால் அந்தப் பெயர். தங்கைக்கு ஆபரேஷன் என்று, முந்தின குழியில் கிடைத்த என் பங்கிலிருந்து வாங்கியதுதான் அந்தப் பதினேழு கிராம். அது கையில் இருந்திருந்தால் எப்போதோ ஊர் போயிருப்பேன். பெண்டாட்டி முகத்தைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்குக் குத்தகை முடிகிற நாள். மாலை ஆறு மணிக்குள் மேலே ஏறிய மண் எங்களுக்கு. கீழே இருப்பது இடத்தை எங்களுக்கு விட்ட குத்தகைக்காரருக்கு. மற்ற குழிக்காரர்கள் எல்லாம் கையை விரித்துவிட்டு முன்னமே கிளம்பிவிட்டார்கள். அந்த மேட்டில் நாங்கள் இரண்டே பேர்.

காலை 7.10. வாளியில் காலை வைத்தேன்.

"நீங்க சுத்தற வேகத்துக்கு ஆறு மணிக்குள்ள ஆறு வாளி ஏறும்ணே."

"கேலி பண்ணுடா தம்பி, பண்ணு. இன்னைக்கு உன் பாக்கியை ஏத்திக் குடுக்கலைன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு."

"உங்க பேரு யாருக்குத் தெரியும், மாத்தறதுக்கு?"

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டே என்னை இறக்கிவிட்டார்.

11.20 வரைக்கும் இருபத்தாறு வாளி. எல்லாம் வழக்கம் போலத்தான். பத்து சுற்றுக்கு ஒரு தரம் மூச்சு வாங்க நிற்பார். மேலே இருமல் கேட்கும். அவர் கால் மாற்றி வைக்கிறபோதெல்லாம் பொடிக்கல் என் தலையில் விழும். நான் திட்டுவேன். அவர் "மன்னிச்சுக்கோங்க துரை" என்பார்.

11.20க்கு இருபத்தேழாவது வாளியை நிரப்பிக் கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. டீ போடப் போயிருப்பார் என்று உட்கார்ந்தேன்.

11.31. கயிறு விறைத்தது. வாளி ஏறியது.

நிற்காமல் ஏறியது.

அட, பரவாயில்லையே என்று நினைத்தேன். காலி வாளி உடனே இறங்கியது. வழக்கமாக அடியில் ஒரு கை சேறு ஒட்டிக்கொண்டு வரும். இப்போது வழித்துத் துடைத்த மாதிரி வந்தது. நிரப்பினேன். ஏறியது. மறுபடி நிரப்பினேன். என் கையால் ஈடுகொடுக்க முடியாத வேகம். எட்டு வாளி போன பிறகுதான் ஒன்று உறைத்தது. என் தலையில் ஒரு பொடிக்கல்கூட விழவில்லை.

இருமலும் இல்லை.

1.15. வாளியில் சாப்பாடு வரவேண்டிய நேரம். காலியாகத்தான் வந்தது.

"அண்ணே, சாப்பாடு?"

சத்தமே இல்லை. கயிறு மட்டும் லேசாக ஒரு தரம் இழுபட்டது. மேலேயிருந்து. நிரப்பு என்கிற மாதிரி.

"கோவமாண்ணே? காலையில சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

கட்டை கிறீச்சிட்டது. அவ்வளவுதான். மனதுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அந்தக் குழிக்குள் எனக்கு இருந்த ஒரே துணை அவர் குரல்தான். பசியோடு, பேச்சில்லாமல் வெட்டினேன்.

2.40. கடப்பாரை அடிப்பாறையில் முட்டியது. பாறை வெடிப்பில் கருமணல். அதை விரலால் கிளறினேன். நெற்றி விளக்கு வெளிச்சத்தில்... மஞ்சள். அவரைக்கொட்டை அளவில் மஞ்சள்.

"அண்ணே! மஞ்சள்ணே! வெடிப்பு நிறைய இருக்கு!"

இரண்டு வருஷம் இதைக் கேட்பதற்காகவே மேலே நின்ற மனுஷன். எவ்வளவு என்று கேட்க வேண்டாமா? எட்டிப் பார்க்க வேண்டாமா?

மேலே எதுவும் இல்லை.

அப்போதுதான் பயம் வந்தது.

அண்ணாந்து பார்த்தேன். சதுர வானம். குறுக்கே உருளைக் கட்டை. அவர் சுற்றும்போது முழங்கை ஓரத்தில் வந்து வந்து போகும். கட்டை சுற்றிக்கொண்டிருந்தது.

முழங்கை இல்லை.

நிறுத்தவில்லை நான். ஆசையிலா பயத்திலா என்று இன்றைக்கும் தெரியவில்லை. வெடிப்பைச் சுரண்டினேன், வாளியில் போட்டேன், அனுப்பினேன். நிறுத்தினால் மேலே இருப்பதும் நிறுத்திவிடும். நிறுத்திவிட்டால் நான் எப்படி ஏறுவேன்? நாற்பத்திரண்டு அடி. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு உயிர் கிடையாது.

5.38. கடைசி வாளி. தொண்ணூற்றிரண்டு.

5.42. காலி வாளி இறங்கி என் முன்னால் நின்றது. லேசாக ஆடிக்கொண்டு.

ஏறித்தான் ஆக வேண்டும்.

காலை வைத்தேன். கயிற்றை மூன்று தரம் இழுத்தேன்.

ஏறியது... ஒரே சீராக.

இருபது அடி. காதைத் தீட்டினேன். ஒரு ஆளை இழுக்கிறவனுக்கு மூச்சு வாங்கும்.

மேலே மூச்சே இல்லை.

முப்பது அடி.

"அண்ணே..."

கிறீச். கிறீச்.

விளிம்பு. வாளி நின்றது. பலகையைப் பிடித்துத் தாவி ஏறினேன்.

யாரும் இல்லை.

வாளி மட்டும் அந்தரத்தில் நின்றது. கைப்பிடி அசையாமல் இருந்தது... யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

என் இரண்டாவது காலும் தரையில் பட்டது.

கைப்பிடி விடுபட்டது. படபடவென்று சுழன்றது. வாளி விழுந்தது.

அடியில் மோதிய சத்தம் ரொம்ப நேரம் கழித்துக் கேட்டது.

கைப்பிடியைத் தொட்டேன். நாள் முழுக்கச் சுற்றிய மரம் கொஞ்சமாவது சூடாக இருக்க வேண்டும். கல் மாதிரி ஜில்லென்று இருந்தது.

மெதுவண்ணன் மண் குவியலுக்கு அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஆறே அடி தள்ளி. டீக் கெட்டில் கவிழ்ந்து கிடந்தது. தோளைத் தொட்டுத் திருப்பினேன். முழு உடம்பும் ஒரே கட்டையாகத் திரும்பியது. விரல்கள் இறுக மூடியிருந்தன.

ஆறு மணிக்குக் குத்தகைக்காரர் வந்தார். எட்டு மணிக்கு முகாம் டாக்டரைக் கூட்டி வந்தார்.

"மாரடைப்பு. எட்டு ஒன்பது மணி நேரம் ஆயிருக்கும்."

"இல்ல டாக்டர். அஞ்சே முக்கால் வரைக்கும் அவர்தான் என்னை..."

"அவர்தான் என்ன?"

குத்தகைக்காரர் விளக்கைத் தூக்கிப் பிடித்து மண் குவியலைப் பார்த்தார். "ரெண்டே பேர் இவ்வளவு ஏத்தினீங்களா? பேய் மாதிரி உழைச்சிருக்கீங்கய்யா." பாராட்டாகத்தான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மெதுவண்ணனின் தங்கை வந்தாள். அடக்கம் முடிந்தது. ஒரு வாரத்தில் மண்ணை அலசி முடித்தேன். இரண்டு பங்கும் நல்ல பங்கு. அவருடைய பாதியை அவளிடம் கொடுத்தேன். அவள் அதிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள். பதினேழு கிராம் இருநூறு மில்லி. நிறுத்துக் கட்டியிருந்தாள்.

"அண்ணன் உங்களுக்குத் தர வேண்டியது. கடிதாசி எழுதறப்பல்லாம் இதைத்தான் எழுதுவார். எடுத்துக்கோங்க."

என் கை நீளவில்லை.

அவள் போகவும் இல்லை. அப்புறம் கேட்டாள்.

"பெட்டியில வைக்கிறப்ப கையைச் சேர்த்து வைக்கலாம்னு விரலைப் பிரிச்சேன். ரெண்டு உள்ளங்கையிலும் தோலே இல்ல. சதை தெரியுது. அப்படி என்ன வேலைங்க வாங்கினீங்க எங்க அண்ணன்கிட்ட?"



பொட்டலத்தை அவள் பக்கமே தள்ளிவைத்தேன்.

"எடுத்துட்டுப் போம்மா. உங்க அண்ணன் குடுத்துட்டார். பாக்கி இல்லை."