பொழுது சாய்வதற்குள் ஓர் இலை

போன வருடம் கார்த்திகை அமாவாசையன்று செஞ்சிக் கடைவீதியில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வேண்டும். வெளியூர் போனால் எந்த ஓட்டலில் சாப்பிடுவது என்று முடிவு செய்கிற அதிகாரம் எங்கள் வீட்டில் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு தடவை ராட்டினமும் நீர்ச்சறுக்கும் உள்ள பெரிய ரிசார்ட்டுக்குப் போயிருந்தோம். மற்றவர்கள் எதில் ஏறலாம் என்று ஓடினார்கள். நான் உள்ளே இருந்த அத்தனை ஓட்டலையும் ஒரு சுற்றுச் சுற்றி, கை கழுவும் இடத்தைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைய சாப்பாட்டை இன்றும் வீட்டில் பேசுவார்கள். என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'உணவுத்துறை மந்திரி'. கேலிதான். ஆனாலும் அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது.

என் மகள், தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னபோதுகூட, அவர்கள் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். அவர்கள் தமிழ்ச் சமணர்கள். செஞ்சிப் பக்கத்தில் நயினார் என்று சொல்வார்கள். பரம்பரையாக அங்கே பயிர் செய்த குடும்பம், இப்போது இருப்பது சென்னையில். பையனுக்கு அப்பா இல்லை. எதுவானாலும் அவன் அம்மாதான் முடிவு சொல்ல வேண்டும். அந்த அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முதலில் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கே பார்ப்பது? சம்பந்தம் பேசி முடியும்வரை ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் கை நனைக்கக் கூடாது என்பது இரண்டு பக்கத்திலும் உள்ள வழக்கம். வீடு தேடி வந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? அதனால் பொது இடம் என்று முடிவானது. அந்த அம்மா ஊர்க் கோயிலுக்குக் கும்பிட வருகிற நாளில் செஞ்சிக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நல்ல ஓட்டலாகப் பார்த்து மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. நிறைந்த நாளாக இருக்கட்டும் என்று அமாவாசையைச் சொன்னதே நான்தான்.

மந்திரி சும்மா இருப்பாளா? ஒரு வாரம் போன் போனாகப் போட்டு விசாரித்தேன். வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, உருளைக்கிழங்கு, கேரட் என்று மண்ணுக்குக் கீழே விளைகிற எதுவும் கூடாது. திண்டிவனம் சாலையில் ஏசி போட்ட ஒரு பெரிய ஓட்டலில், இது எதுவும் இல்லாமல் தனியாகச் சமைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். "பொழுது சாஞ்சா அவங்க சாப்பிட மாட்டாங்கம்மா" என்று மகள் ஒரு தடவை சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தக் கவலை எதுக்குடி என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று கோட்டை வாசலில் சந்தித்தோம். பையனின் அம்மா அதிகம் பேசாதவர். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. வெளியில் தண்ணீர் குடிக்க மாட்டாராம். துணியில் வடிகட்டிய தண்ணீரைப் பாட்டிலில் எடுத்து வந்திருந்தார். கோட்டைக்கு உள்ளே பெரிய களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதற்குள் போய் நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை பேருக்குச் சோறு போட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் உடனே பையைத் திறந்து வீட்டில் சுட்ட முறுக்கை நீட்டினேன். சிரித்துக்கொண்டே கையை ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். வழக்கம்தான், தெரியும். இருந்தாலும் எனக்குத் திக்கென்றது.

ராஜகிரி மேல் ஏறிவிட்டு இரண்டு மணிக்குள் இறங்கிவிடலாம் என்பது கணக்கு. ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அதன் மேல் சின்னப் பாலம். அதைத் தாண்டி மேலே போய் நின்று பார்த்தேன். சுற்றிலும் பாறை பாறையாக மலைகள், நடுவில் ஏரிகள், வயல்கள், எறும்புச் சாரி போல பஸ்கள். இத்தனை கல்லையும் மனுஷன்தானே தூக்கி வைத்தான் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பில் நேரம் போனதே தெரியவில்லை. இறங்கும்போது என் கணவரின் முழங்கால் மக்கர் செய்தது. நாலு படிக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். நாங்கள் காரில் ஏறும்போது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது.

கோட்டை ஊருக்கு மேற்கே, என் ஓட்டல் ஊருக்குக் கிழக்கே. நடுவில் செஞ்சி. கடைவீதிக்குள் கார் நுழைந்ததும் நின்றது, நின்றதுதான். முன்னால் பஸ், பின்னால் பஸ், எல்லாம் 'மேல்மலையனூர் சிறப்புப் பேருந்து'. அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. அமாவாசை ராத்திரி மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தைப் பார்க்க ஊர் உலகமே செஞ்சி வழியாகத்தான் போகும். நிறைந்த நாள் பார்த்த மகராசி அதை நினைக்கவே இல்லை.

முன் சீட்டில் இருந்த என்னிடம் பையன் குனிந்து மெதுவாகச் சொன்னான். அம்மா காலையில் கோயிலுக்குப் போகும் முன் ரெண்டு இட்லி சாப்பிட்டதுதானாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவராம். பொழுது போய்விட்டால் மறுநாள் சூரியன் வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாதாம். போன மாதம் இப்படித்தான் ஒரு நாள் விட்டுப்போய், விடிகாலையில் மயங்கி விழுந்துவிட்டாராம். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முந்தானையால் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டார். வாழைப்பழமாவது வாங்கலாம் என்றால், வெறும் வயிற்றில் பழம் அவருக்கு ஆகாதாம்.

நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். இறங்குங்க எல்லாரும், வண்டியை டிரைவர் பார்த்துக்கட்டும், நடந்து போய்ச் சாப்பிடலாம் என்றேன். இந்த ஓட்டலா, அந்த ஓட்டலா என்று அளந்து பார்க்கிற புத்தியெல்லாம் போன இடம் தெரியவில்லை. முதல் ஓட்டலில் சாதம் தீர்ந்துவிட்டது. அடுத்ததில் முட்டை வாசனை. மூன்றாவது, சாதாரண நாளில் நான் வாசல்படியே மிதிக்காத ஓட்டல். தகரக் கூரை, ஈரத் தரை, வாசலில் 'இன்று பார்சல் இல்லை' என்று அட்டை. உள்ளே மஞ்சள் புடவையும் வேப்பிலையும் குங்குமமுமாக ஒரே கூட்டம். சாப்பிடுகிற ஒவ்வொருத்தர் முதுகுக்குப் பின்னாலும் அடுத்து உட்காருவதற்கு ரெண்டு பேர் நின்றார்கள்.

கல்லாவில் இருந்த அக்காவிடம் போய், ஒருத்தருக்கு மட்டும் உடனே இடம் வேண்டும் என்றேன். வரிசையில் நில்லும்மா என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. பொழுது சாய்ந்தால் அவங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க, சர்க்கரை இருக்குது, காலையிலிருந்து பட்டினி, மயங்கி விழுந்தால் நீங்களா பதில் சொல்வீங்க என்று கத்திவிட்டேன். சண்டைக்காரி மாதிரி இடுப்பில் கை வேறு. மொத்த ஓட்டலும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து, வேண்டாம், விடுங்க என்றார். என் மகளின் முகம் செத்துப்போயிருந்தது. காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

கல்லாக்கார அக்கா எட்டி அந்த அம்மாவைப் பார்த்தார்.

"நயினார் வூட்டு அம்மாவா? மொதல்லியே சொல்லக் கூடாதா?"

சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். சாம்பாரில் வெங்காயம், சட்னியில் பூண்டு, தோசைக்கல்லை வெங்காயத்தால்தான் தேய்க்கிறோம், அதனால் தோசையும் ஆகாது என்று அவரே சொல்லிக்கொண்டு, புதிதாக ஓர் ஈடு இட்லி இறக்கச் சொன்னார். சட்னிக்குத் துருவி வைத்திருந்த தேங்காயில் ஒரு பிடியைத் தனியாக எடுத்தார். ஆனால் உட்கார இடம்?

பெஞ்சில் ஓர் அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் வேப்பிலை மாலை, நெற்றி முழுக்கக் குங்குமம். அப்போதுதான் அவருக்கு இடம் கிடைத்து, இலை போட்டு, இட்லி வைத்திருந்தார்கள். இன்னும் கை வைக்கவில்லை. காலையிலிருந்து விரதமாம், பக்கத்தில் இருந்த அவர் புருஷன் சொன்னார். வேப்பிலை மாலை போட்ட அந்த அம்மா எழுந்து நின்றார்.

"வாங்கம்மா, உக்காருங்க. எனக்கு இன்னா, ராத்திரி பூரா கெடக்குது. உங்களுக்குப் பொழுது போனா போனதுதானே."

அங்கே இன்னொரு சிக்கல் வந்தது. எங்கள் அம்மா, அதாவது பையனின் அம்மா, உட்கார மாட்டேன் என்றுவிட்டார். "பசியோட இருக்கறவங்கள எலையில இருந்து எழுப்பிட்டு நான் எப்படிங்க சாப்பிடறது? எனக்கு எறங்காது." சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார். அவர் உட்காரச் சொல்கிறார், இவர் மாட்டேன் என்கிறார். வெளியே வெயில் சிவந்துகொண்டே வந்தது. தர்மத்துக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா என்று மனசுக்குள் திட்டினேன்.

அதற்குள் அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே நகர ஆரம்பித்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையோடு நகர்ந்தார்கள். ஒரு பெரியவர் பாதி இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து சுவரோரம் போய் நின்று சாப்பிட்டார். ரெண்டு இலை போடுகிற இடம் வந்துவிட்டது. வேப்பிலை மாலை போட்டவரும் எங்கள் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இட்லி ஆவி பறக்க வந்தது, மேலே தேங்காயும் ஒரு கரண்டி நெய்யும்.

உள்ளே விளக்கு எரிந்தது. ஆனாலும் எங்கள் அம்மா இலையில் கை வைக்காமல் வாசலைப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் அவருக்குக் கணக்கில்லை, பகல் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. வாசல் மேற்கே பார்த்தது. ஆனால் அதை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. வேப்பிலை மாலை அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"வாசல்ல நிக்கறவங்க கொஞ்சம் வெலகுங்கப்பா. வெளிச்சம் வரட்டும்."

குரலை உயர்த்திக்கூடச் சொல்லவில்லை. வாசலில் நின்ற அத்தனை பேரும், உடுக்கை வைத்திருந்தவர், தோளில் குழந்தையோடு நின்றவர், எனக்குப் பின்னால் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர் உட்பட, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒதுங்கினார்கள். அவரவர் பசியோடு பிடித்து வைத்திருந்த இடம் அது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

தெருவுக்கு அப்பால் மலை தெரிந்தது. அதன் மேல் சூரியன் சிவப்பாக நின்றது. அந்த வெயில் வாசல் வழியாக நேரே உள்ளே வந்து, ஈரத் தரையில் பட்டு, பெஞ்சில் ஏறி, அந்த ரெண்டு இலை மேலும் விழுந்தது. இட்லியின் ஆவி அந்த வெளிச்சத்தில் தனியாகத் தெரிந்தது. சர்வர்கூட வாளியோடு நின்றுவிட்டார். மலை உச்சியில் நின்றபோது எனக்கு வந்த அதே சிலிர்ப்பு, அந்தத் தகரக் கூரைக்கு அடியில் அதைவிடப் பெரிதாக வந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

எங்கள் அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார். பக்கத்தில் இருந்தவரும் அப்போதுதான் தன் இலையில் கை வைத்தார். நாலு வாய் சாப்பிட்டிருப்பார், எங்கள் அம்மா நிமிர்ந்து என்னைத் தேடினார்.

"நீங்க இன்னா நிக்கிறீங்க? வந்து உக்காருங்க சம்பந்தி."

அந்த வார்த்தை என் காதில் விழுந்தும் எனக்கு ஏறவில்லை. என் கணவர் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினார். பெஞ்சின் நுனியில் ஒண்டி உட்கார்ந்தேன். எனக்கும் ஓர் இலை வந்தது. எங்கள் அம்மா தன் இலையில் இருந்த தேங்காயில் கொஞ்சத்தை எடுத்து, சாப்பிடாத கையால் என் இலையில் வைத்தார். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுதுகொண்டே சாப்பிட்டதில் உப்புக் கரித்ததுதான் நினைவு.

சம்பந்தி மாத்திரையைப் போட்டு, தன் பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தபோது வெயில் இலையை விட்டுப் போயிருந்தது. வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. கை கழுவும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஈரக் கையைக் காட்டிச் சொன்னார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா கை நனைச்சாச்சு. இனிமே பேசறதுக்கு இன்னா இருக்குது? நாள் பாருங்க. அமாவாசை மட்டும் வேணாம்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று என் மகளைத்தான் கேட்க வேண்டும். வேப்பிலை மாலை அம்மாவுக்கு நன்றி சொல்லத் திரும்பினால், அவர்கள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். அவர் எந்த ஊர், என்ன வேண்டுதல், எதுவும் எங்களுக்குத் தெரியாது. கல்யாணத்தன்று, தாலி கட்டும்போது அட்சதை போட அவர் ஒருத்தர் இல்லையே என்று எங்கள் சம்பந்தி ரெண்டு தடவை சொன்னார்.

உணவுத்துறை இன்னமும் என் கையில்தான் இருக்கிறது. கை கழுவும் இடத்தை இப்போதும் பார்க்கிறேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் எந்த ஓட்டலுக்குள் போனாலும் என் கண் ஒரு தடவை வாசல் பக்கம் போய்வருகிறது. அம்மனைப் பார்க்க இருட்டுவதற்காகக் காத்திருந்த ஒரு கூட்டம், முகம் தெரியாத ஒருத்தருடைய கடைசி வெளிச்சத்துக்காகப் பசியோடு ஒதுங்கி நின்றதை நினைக்கும்போதெல்லாம், நான் இருக்கும் இடத்திலேயே கை கூப்பி நிற்கத் தோன்றுகிறது.