தண்ணி வராத காலையும் ஒரு சாவியும்

வைஃபைங்கிறது எங்க பக்கம் புதுசா வந்த நேரம். நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டிருந்தேன். லினக்ஸ் போட்டு நானே கட்டுன மெஷின் ஒண்ணு. வைஃபையும் அதுலதான், ரூம் புக்கிங்கும் அதுலதான். அந்த வாரம் அது திடீர் திடீர்னு செத்துப்போச்சு. மவுச நகட்டுனா நகராது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். மெஷின் நிக்கிறப்பெல்லாம் முன்னுக்கு உக்காந்திருந்தது ரிசப்ஷன் அக்காதான். பழி அவங்க மேல விழுந்துருச்சு.

"இன்னொருக்கா நிண்டுதெண்டால் அவவை வரவேண்டாமெண்டு சொல்லிப்போடுவன்"னாரு யாழ்ப்பாணத்து மேனேஜர்.

"சத்தியமா நான் எதையும் அமத்தல தம்பி"ன்னாங்க அக்கா. புருசன் சீக்காளி. இந்த வேலையும் போனா மறுபடி தேயிலைத் தோட்டத்துல கொழுந்துக் கூடதான்.

எனக்கு இருப்பே கொள்ளல. அன்னைக்குச் சாயந்திரமும் மெஷின் நின்னுச்சு. வீட்டுக்கு, வட்டகொடைக்குப் போற பஸ்ஸ விட்டுட்டு இன்டர்நெட்டத் துழாவினேன். கடைசியா ஒரு குறிப்பு மாட்டுச்சு. லினக்ஸோட வைஃபை புரோகிராம் கோடுல ஒரு பூட்டு இருக்கு. ஒரு வேலைய ஆரம்பிக்கிறப்ப பூட்டணும், முடிச்சதும் தொறக்கணும். ஆனா கோணல்மாணலா ஒரு சேதி வந்தா, சரியில்லன்னு கோடு பாதியிலேயே திரும்பிருது, பூட்டத் தொறக்காமலே. அடுத்தது வந்து காத்து நிக்கும், அப்புறம் மெஷினே நிக்கும். அந்தச் சேதிய பக்கத்து ரூம்ல இருக்கிற எவன் லேப்டாப்பும் அனுப்பலாம்.

அட கடவுளே, எங்க தோட்டத்து லயத்து வீடுகளோட கக்கூஸ் சாவி!

நாலு வீட்டுக்கு ஒரே சாவி, ஆணியில தொங்கும். எட்டு வயசுல ஒரு காலை தொறந்து பாத்தேன், பைப்புல தண்ணி வரல. பூட்டிட்டு வந்து திரும்பப் படுத்துட்டேன். சாவி கால்சட்டப் பையிலயே இருந்துச்சு. பக்கத்து வீட்டு அத்தை தேடித் தேடிப் பாத்துட்டு, தேயிலைக்குள்ள ஒதுங்கிட்டு வர்றதுக்குள்ள பெரட்டு, காலையில ஆள் கணக்கெடுக்கிறது, முடிஞ்சிருச்சு. மேற்பார்வை பாக்குற கண்டாக்கு தொரத்திவிட்டுட்டாரு. அன்னைக்கு அவங்களுக்குப் பேர் விழல. பேர் விழலைன்னா அந்த நாள் சம்பளம் இல்ல. "எந்தச் சனியன் எடுத்துச்சு?"ன்னு லயமே கத்துச்சு. நான் யாருக்கும் தெரியாம சாவியச் சாக்கடைக் கானுக்குள்ள போட்டுட்டேன்.

குறிப்போட தேதியப் பாத்தேன். இதத் திருத்துற அப்டேட்டு மூணு வாரத்துக்கு முந்தியே எனக்கு மெயில்ல வந்திருக்கு. இந்த மலைக்கு எவன் வந்து தாக்கப் போறான்னு ஒதுக்கி வச்ச எருமை நானேதான்.

அப்பவே அந்த அப்டேட்டப் போட்டு முடிச்சேன். சத்தம் போடாம இருந்தா யாருக்கும் தெரியாது. காலையில அக்கா பையோட மேனேஜர் மேசைக்கு முன்னால நின்னாங்க. அவரு அக்காவ வேலைய விட்டு நிப்பாட்டுற கடிதம் எழுதிக்கிட்டிருந்தாரு.

"அக்கா இல்ல சேர். நான்தான்"னேன்.

எல்லாத்தையும் கேட்டாரு. பேனாவ எடுத்து அக்கா பேர வெட்டிட்டு, மேல என் பேர எழுதினாரு.

அக்கா போய் அவங்க கதிரையில உக்காந்தாங்க. அன்னைக்கு அவங்களுக்குப் பேர் விழுந்துச்சு.